லக்ருவாவின் கடைசி ராம்ப்: ஆடம்பரம் எங்கே தோற்றது?

ஃபேஷன் ஷோ படங்கள் வெளியாகும் ஒவ்வொரு பருவத்திலும் அதே கேள்வி எழுகிறது: "இதை யார் போட்டுக்கொண்டு வெளியே போவார்கள்?" நியாயமான கேள்விதான். ஆனால் பெரும்பாலும் தவறான உடையைக் காட்டிக் கேட்கிறோம். தலைக்கு மேல் இரண்டடி எழும்பி நிற்கும் தொப்பியைக் காட்டிக் கேட்கிறோம். அந்தத் தொப்பியை விற்கும் எண்ணம் அதைச் செய்தவர்களுக்கே இருந்திருக்காது. ராம்பில் பார்த்து ஆசைப்பட்ட ஒருவர் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வாங்கி உடுத்துவதற்கு அங்கே என்ன தொங்குகிறது? கேள்வியை அங்கே கேட்க வேண்டும்.

இந்தக் கோணத்தில் கிறிஸ்தியான் லக்ருவா நிறுவனத்தின் கதையைப் பார்க்கலாம். 1987-ல் பாரிஸில் தொடங்கி, 22 ஆண்டுகளில் ஒருமுறைகூட லாபம் காட்டாமல், 2009-ல் ஆடை தயாரிப்பையே நிறுத்திய நிறுவனம் அது. "ஆடம்பரம் அதிகமானது, அதனால் மூழ்கியது" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவது வழக்கம். அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. லக்ருவாவைவிடப் பல மடங்கு விபரீதமாக ராம்பில் விளையாடியவர்கள் அதே ஆண்டுகளில் நன்றாகவே வியாபாரம் செய்தார்கள்.

தொடக்கம்

லக்ருவா 1951-ல் தென் பிரான்சின் ஆர்ல் நகரில் பிறந்தவர். கலை வரலாறு படித்தார்; அருங்காட்சியகக் காப்பாளர் ஆக வேண்டும் என்பதே முதல் ஆசை. காளைச் சண்டை வீரர்களின் சரிகை ஜாக்கெட், புரொவான்ஸ் பெண்களின் பாரம்பரிய உடை, கமார்க் பகுதி ஜிப்சிகளின் அடர் நிறங்கள் எல்லாம் சிறுவயதிலிருந்தே அவர் கண்ணில் ஊறியவை. 1981-ல் ழான் பட்டூ நிறுவனத்தில் டிசைனராகச் சேர்ந்தார். உலகம் அவர் பெயரோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கும் 'பூஃப்' என்ற உப்பிய பாவாடை அங்கேயே பிறந்துவிட்டது. 1987-ல் பிரெஞ்சுத் தொழிலதிபர் பெர்னார் ஆர்னோவின் முதலீட்டில் சொந்த நிறுவனம் தொடங்கினார். அந்த ஜூலையில் நடந்த முதல் காட்சிக்குக் கிடைத்த வரவேற்பு பெரியது. புதிதாக ஒரு கூத்தூர் (அளவெடுத்துக் கையால் தைக்கும் உயர்தர ஆடை) நிறுவனம் இவ்வளவு ஆரவாரத்தோடு பிறந்து பாரிஸில் வெகுகாலம் ஆகியிருந்தது.

மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அக்டோபர் 19, திங்கட்கிழமை அன்று உலகப் பங்குச் சந்தைகள் சரிந்தன. பணத்தை உடம்பில் போட்டுக் காட்டும் மனநிலை அதற்குப் பிறகு மெல்ல மாறத் தொடங்கியது. தொண்ணூறுகள் பிறந்தபோது ஜில் சாண்டர், ஹெல்மட் லாங், கால்வின் கிளைன் ஆகியோரின் நேர்கோட்டு வெட்டும் வெறும் கறுப்பும் சாம்பலும்தான் காலத்தின் முகமாகிவிட்டன. லக்ருவாவின் நேரம் கெட்ட நேரம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு நிறுவனம் 22 ஆண்டுகள் நஷ்டத்தில் ஓடியதற்கு 1987-ன் ஒரு திங்கட்கிழமையை மட்டும் காரணம் காட்டுவது சரியாக வராது.

பூஃப் பாவாடை யாருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது?

எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமாகப் படுவது பூஃப். அதன் தையல் ரகசியம் எளிமையானது. வெளித்துணியை நீளமாக வெட்டுகிறார்கள். உள்ளே லைனிங்கைக் குட்டையாக வெட்டுகிறார்கள். வெளித்துணியின் கீழ்விளிம்பைச் சுருக்கி மேலே மடித்து, அந்தக் குட்டை லைனிங்கோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். மிச்ச நீளம் போக இடமில்லாமல் வெளியே உப்பி நிற்கிறது. டஃபேட்டா மாதிரி விறைப்பான துணி என்றால் உப்பல் தானாகவே நிற்கும். மெல்லிய துணி என்றால் உள்ளே வலைத்துணி அடுக்க வேண்டும். உட்கார்ந்தால் நசுங்கும், மேலே கோட்டு போட முடியாது, காருக்குள் ஏறுவதே ஒரு வேலை. ராம்பில் பார்த்தால் யாரும் அணிய முடியாத ஆடை என்றுதான் தோன்றும்.

ஆனால் அணிந்தார்கள். எண்பதுகளின் இறுதியில் விருந்துகளுக்கும் பள்ளி முடிப்பு விழாக்களுக்கும் போன இளம்பெண்கள் பலர் உப்பிய டஃபேட்டா பாவாடையில்தான் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் லக்ருவாவுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. அமெரிக்க ஆயத்த ஆடைத் தயாரிப்பாளர்கள் உடனே அதைப் பிரதி எடுத்துவிட்டார்கள். பூஃபின் கற்பனை முழுவதும் வெட்டில் இருந்தது. எம்பிராய்டரியில் இருந்திருந்தால் பிரதி எடுக்கப் பணமும் நேரமும் ஆகியிருக்கும். வெட்டை ஒரு முறை பார்த்தாலே கைதேர்ந்த பேட்டர்ன் மாஸ்டர் பிடித்துவிடுவார்.

ஆக, ராம்பிலிருந்து தெருவுக்கு வரும் வழி பூஃபுக்கு இருந்தது. அந்த வழி லக்ருவாவின் கடை வாசலைத் தொடாமல் போய்விட்டது. ஆடம்பரத்தால் விற்கவில்லை என்ற வாதம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

கீழ்த்தளம் இல்லாத வீடு

பாரிஸின் ஓத் கூத்தூர் என்பது 1945 முதல் சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். நினைத்தவர்கள் எல்லாம் போட்டுக்கொள்ள முடியாது. ஒரு வாடிக்கையாளரின் உடலுக்கு அளவெடுத்து, பலமுறை வரவழைத்துப் போட்டுப் பார்த்து, பெரும்பாலும் கையாலேயே தைப்பது. ஓர் ஆடைக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் போகும். இன்று அதை வாங்குபவர்கள் உலகம் முழுவதும் தேடினாலும் சில ஆயிரம் பேர்தான். எனவே கூத்தூர் காட்சி நடத்துகிற பெரிய நிறுவனங்கள் எல்லாம் அதில் லாபம் எதிர்பார்ப்பதில்லை. அந்தக் காட்சி உண்டாக்கும் ஆசையை வாசனைத் திரவியம், லிப்ஸ்டிக், கைப்பை, கண்ணாடி, ஆயத்த ஆடை என்று கீழே உள்ள தளங்கள் பணமாக மாற்றுகின்றன. டியோரும் ஷனேலும் அப்படித்தான் நிற்கின்றன. டியோருக்கு முதல் கூத்தூர் காட்சி நடந்த 1947-லேயே வாசனைத் திரவியமும் வந்துவிட்டது.

லக்ருவா மேல்தளத்தை முதலில் கட்டினார். கீழ்த்தளத்தைப் பிறகு கட்டப் பார்த்தார்கள். 1988-ல் ஆயத்த ஆடை. 1990-ல் 'ஸே லா வீ' என்ற வாசனைத் திரவியம், அது தோற்றது. 1994-ல் 'பஸார்' என்ற விலை குறைந்த வரிசை, இரண்டு ஆண்டு கழித்து ஜீன்ஸ். முயற்சி செய்யவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. பின் ஏன் பிடிக்கவில்லை?

என் பதில் உடைகளுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு லக்ருவா உடையில் பூப்போட்ட அச்சு, கோடு, லேஸ், சரிகை, ஒன்றோடொன்று மோதும் நிறங்கள் எல்லாம் சேர்ந்துதான் ஒரு உடை. அதில் எதையாவது எடுத்தால் மிச்சம் லக்ருவாவாக இருப்பதில்லை. விலையைக் குறைக்க எம்பிராய்டரியை அச்சாக மாற்றினால் அது வெறும் கூச்சலான அச்சுத் துணி. மேல்சட்டையை மட்டும் தனியாகக் கறுப்புப் பேண்டோடு போட்டால் அதற்கு ஒட்டவில்லை. ஆடம்பரத்தின் அளவைவிட, பிரித்து எடுக்க முடியாத ஆடம்பரம் என்பதே சிக்கல்.

இன்னொன்றும் உண்டு. அணியத்தக்க ஆடை என்றால் உடம்பில் ஏறுமா, நடக்க வருமா என்று மட்டும் பார்க்கிறோம். அலமாரியைத் திறந்து நிற்கிற பெண்ணின் கணக்கு வேறு. இதை எத்தனை முறை போடலாம்? சத்தமான உடையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போட்டால் அதே கூட்டம் வரும் அடுத்த கல்யாணத்துக்குப் போட முடியாது. கறுப்புக் கோட்டைப் பத்து வருடம் போடலாம், யாரும் எண்ண மாட்டார்கள். மிகப் பணக்காரர்களுக்கு இது பொருட்டில்லை. ஆயத்த ஆடை வாங்க வருகிற, சம்பளம் வாங்கி மிச்சம் பிடித்துச் செலவழிக்கிற பெண்ணுக்கு இதுதான் முழுப் பொருட்டும். லக்ருவாவின் ஆயத்த ஆடை அவரை நோக்கிப் போனது, ஆனால் அவருடைய கணக்குக்குப் பதில் சொல்லவில்லை.

2005-ல் ஆர்னோவின் எல்விஎம்எச் குழுமம் நிறுவனத்தை அமெரிக்காவின் ஃபாலிக் குழுமத்துக்கு விற்றது. விமான நிலையங்களில் வரியில்லாக் கடைகள் நடத்துபவர்கள் அவர்கள். அவர்கள் 'பஸார்', ஜீன்ஸ் போன்ற விலை குறைந்த வரிசைகளை நிறுத்திவிட்டு, நிறுவனத்தை இன்னும் உயர்ந்த விலைக்கு நகர்த்தப் பார்த்தார்கள். ஏற்கெனவே மெலிந்திருந்த கீழ்த்தளம் இன்னும் மெலிந்தது. அப்புறம் 2008-ன் நிதி நெருக்கடி. அந்த ஆண்டு சுமார் 3 கோடி யூரோ விற்பனைக்குச் சுமார் 1 கோடி யூரோ நஷ்டம். 2009 மே மாத இறுதியில் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது.

ஜூலை 2009

கடைசிக் கூத்தூர் காட்சி பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் நடந்தது. கையில் பணம் இல்லை. துணி, எம்பிராய்டரி, பொத்தான் செய்பவர்கள் பழைய உறவுக்காக வேலை செய்து கொடுத்தார்கள். காலணிகள் ரோஜே விவியே நிறுவனத்திலிருந்து வந்தன. மாடல்கள் பெயருக்கு 50 யூரோ வாங்கிக்கொண்டு நடந்தார்கள். மொத்தம் 24 உடைகள்தான்.

அந்த 24 உடைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் அதிகமாகிறது. பெரும்பாலும் கறுப்பும் கருநீலமும். இடுப்பில் ஒட்டிய கோட்டு, முழங்காலில் நிற்கிற பாவாடை, கழுத்தில் ஒரு வில், கையில் கொஞ்சம் சரிகை. அவருடைய பழைய கொண்டாட்டம் எல்லாம் ஓர் இடத்தில் ஒடுங்கி, மிச்ச உடல் முழுவதும் அமைதியாகிவிட்டது. அந்தக் கருநீலக் கோட்டைப் பத்து வருடம் போடலாம். இரவு உடைகளில்கூட, மேலே மாட்டியிருந்த நகையையும் தலை அலங்காரத்தையும் கழற்றிவிட்டால் ஒரு மனுஷி விருந்துக்குப் போட்டுக்கொண்டு போகலாம். கடைசியில் பொன் ஒளிவட்டத்தோடு மணப்பெண் வந்தாள். அது மட்டும் பழைய லக்ருவா. காட்சி முடிந்ததும் 'லக்ருவா என்றென்றும்' என்ற அட்டைகள் உயர்ந்தன.

பணம் இல்லாததால் வந்த அடக்கம் அது என்று சொல்லலாம். உண்மைதான், ஓரளவுக்கு. ஆனால் துணியும் நேரமும் குறைந்தபோதும் லக்ருவாவின் கை தெரிந்தது அல்லவா? ஒரு தோள்வளைவில், கோட்டின் பின்பக்க விரிவில், கறுப்பு மேல் கறுப்பாக அடுக்கிய லேஸில் அவர் இருந்தார். பிரித்து எடுக்கவே முடியாது என்று தோன்றியது பிரிந்து வந்திருந்தது. இந்த 24 உடைகள் 1992-ல் ஆயத்த ஆடையாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வாங்க முன்வந்தவர்கள் இருந்தார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் அஜ்மான் ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயர்கூட முன்னணியில் நின்றது. நிதி உறுதி உரிய காலத்தில் வரவில்லை. டிசம்பரில் பாரிஸ் வணிக நீதிமன்றம் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கூத்தூரும் ஆயத்த ஆடையும் மூடப்பட்டன. நூறுக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்த இடத்தில் 11 பேர் மட்டும் மிஞ்சி, பெயரை உரிமம் கொடுக்கும் வேலையைப் பார்த்தார்கள்.

அதே ஆண்டு, அக்டோபர்

லக்ருவாவின் வழக்கு நீதிமன்றத்தில் இருந்த அந்த அக்டோபரில், பாரிஸில் ஒரே வாரத்தில் இரண்டு காட்சிகள் நடந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் லக்ருவா வழக்கு எனக்குப் புரிகிறது.

முதலாவது பிரிட்டிஷ் டிசைனர் அலெக்சாண்டர் மெக்வீனுடையது. கடல் மட்டம் உயர்ந்து மனிதர்கள் மறுபடி நீருக்குள் திரும்புவதாகக் கற்பனை. பாம்புத்தோலும் பூச்சி இறகும் போல டிஜிட்டல் அச்சுகள், ராம்பில் கேமரா தூக்கிய இயந்திரக் கைகள், இணையத்தில் நேரடி ஒளிபரப்பு. காலில் 'ஆர்மடில்லோ' என்ற காலணி: ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரம், நண்டுக் கொடுக்கு போன்ற வடிவம். மூன்று மாடல்கள் அதைப் போட்டு நடக்க மறுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. காட்சிக்காக 21 ஜோடிதான் செய்தார்கள். நடக்கவே முடியாத ஒன்றை ராம்பில் நடக்க விடுவது சரியா என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது. மாடலின் கணுக்கால் யாருடைய கற்பனைக்கும் பலியாகக் கூடாது.

ஆனால் வியாபாரக் கணக்கில் பார்த்தால், மெக்வீனிடம் கீழ்த்தளம் இருந்தது. அவர் லண்டன் சாவில் ரோவில் ஆண்கள் கோட்டு தைக்கக் கற்றவர். எவ்வளவு விபரீதமான காட்சியிலும் அவருடைய கோட்டின் தோள்வெட்டு மாறாது. அந்தத் தோளை மட்டும் எடுத்துக் கடையில் கறுப்புக் கோட்டாக விற்க முடியும். 2003-க்கான கலெக்ஷனில் வந்த மண்டையோட்டு அச்சு, சதுரப் பட்டு ஸ்கார்ஃபாகப் பல ஆண்டுகள் விற்றுக்கொண்டே இருந்தது. கடலடி அச்சும் அப்படியே: ராம்பில் அது வேற்றுலக உடை, கடையில் அதே அச்சு உடம்பை ஒட்டிய ஒரு சாதாரண கவுன். யாரும் ஆர்மடில்லோவை வாங்க வேண்டியதில்லை. அதைப் பார்த்து வாய் பிளந்தவர் ஸ்கார்ஃப் வாங்கினால் போதும்.

இரண்டாவது காட்சி செலின் நிறுவனத்தினுடையது. டிசைனர் ஃபீபி ஃபைலோ அங்கே பொறுப்பேற்ற பிறகு நடத்திய முதல் ராம்ப். நேரான பேண்ட், தோலால் செய்த ஒரு டீ-ஷர்ட், பழுப்பு, வெள்ளை, கறுப்பு. பாக்கெட் உள்ள உடைகள். கையை விட்டுக்கொண்டு நடக்கலாம். வேலைக்குப் போகிற பெண்கள் பார்த்த உடனே "இது எனக்கு" என்றார்கள். அணியத்தக்க உடையின் உச்சம் என்று இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். கவனிக்க வேண்டியது: செலின் நிறுவனமும் எல்விஎம்எச் குழுமத்தினுடையதுதான், லக்ருவாவை நான்கு ஆண்டுக்கு முன் கைகழுவிய அதே குழுமம்.

ஆனால் ஃபைலோவும் வெறும் அடக்கத்தோடு நிற்கவில்லை. 2013 கோடைக்கான கலெக்ஷனில் பட்டை வைத்த தட்டைச் செருப்புக்குள் மிங்க் ரோமம் வைத்து ராம்பில் விட்டார். பலர் சிரித்தார்கள். சில ஆண்டுகளில் ரோமம் வைத்த தட்டைச் செருப்பு எல்லா விலையிலும் கிடைத்தது. நேற்று கூத்தாகத் தெரிந்தது இன்று சௌகரியமாகத் தெரிகிறது. எனவே ராம்பில் நிற்கும் ஒரு பொருளை அன்றே "அணியத்தக்கது", "அணியத்தகாதது" என்று இரண்டு பெட்டியில் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஷோரூமில் நடப்பது

காட்சி முடிந்த மறுநாள் கடைக்காரர்கள் நிறுவனத்தின் ஷோரூமுக்குப் போகிறார்கள். ராம்பில் வந்த உடைகள் அங்கே கம்பியில் தொங்கும். அவற்றோடு ராம்பில் வராத உடைகளும் தொங்கும். அதே அச்சில் எளிய சட்டை, அதே துணியில் தொப்பியில்லாத கோட்டு, ஸ்லீவ் சுருங்கிய கவுன். மாடல் சைஸில் தைத்த ஒரு மாதிரியைப் பெரிய சைஸ்கள் வரை விரிக்கும்போது எந்தத் தையல் இடம் மாறும், உப்பல் எங்கே பருமனாகத் தெரியும் என்று பேட்டர்ன் பிரிவு மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலையும் இந்தக் கட்டத்தில்தான். இவை தவிர, இரண்டு பெரிய பருவங்களுக்கு நடுவே வரும் சிறு கலெக்ஷன்கள் உண்டு. அவை அதிக ஆர்ப்பாட்டம் இல்லாமல் வந்து, கடையில் அதிக நாள் முழு விலையில் தொங்கும். பல நிறுவனங்களின் ஆடை விற்பனையில் பெரும்பகுதி அவற்றிலிருந்துதான். படம் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற நமக்கு இந்த அறை கண்ணில் படுவதே இல்லை.

இதன் கடைக்கோடி உதாரணம் ஜப்பானிய டிசைனர் ரே கவாகுபோவின் கோம் தே கார்சோன் நிறுவனம். 1996 அக்டோபரில் முதுகிலும் இடுப்பிலும் திண்டு வைத்துக் கட்டி வீங்கிய உடைகளை அவர் காட்டினார். பத்திரிகைகள் சில, திண்டை எடுத்துவிட்டுப் படம் பிடித்தன. 2014 கோடைக்கான கலெக்ஷனிலிருந்து ராம்பில் ஆடை செய்வதையே விட்டுவிட்டு உடம்பில் மாட்டும் சிற்பங்கள் போலவே செய்கிறார். ஆனால் அதே நிறுவனம் 2002-லிருந்து கண் வைத்த சிவப்பு இதயம் ஒட்டிய டீ-ஷர்ட்டை விற்கிறது. ராம்பைப் பார்த்தே இராத கல்லூரி மாணவர்கள் அதைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். சிற்பமும் டீ-ஷர்ட்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்வதில்லை. லக்ருவாவுக்கு இப்படி ஓர் இதயம் கடைசிவரை கிடைக்கவில்லை.

பிறகு

பெயரின் உரிமை கையில் இல்லாத லக்ருவா, ஓபராவுக்கும் பாலேவுக்கும் உடை செய்யப் போனார். அது அவருக்கு முன்பே பழகிய இடம். 2011 முதல் ஸ்பெயினின் டெசிகுவல் நிறுவனத்துக்காக விலை குறைந்த, நிறம் கொட்டிய கவுன்களை வரைந்தார். 2013-ல் ஸ்கியாபரெல்லி நிறுவனத்துக்காக 18 உடைகள் செய்தார். அவற்றில் ஒன்றும் விற்பனைக்கு இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 2019 செப்டம்பரில் நடந்தது. பெல்ஜிய டிசைனர் ட்ரீஸ் வான் நோட்டன், கூத்தூர் பக்கமே போகாதவர். ராம்பில் காட்டுவதைக் கடையில் விற்க வேண்டும் என்ற கொள்கைக்காரர். அவர் அடுத்த கோடைக்கான கலெக்ஷனைத் திட்டமிட்டபோது மேசையில் சேர்ந்த படங்களில் பெரும்பாலானவை லக்ருவாவின் பழைய உடைகள். பிரதி எடுப்பதற்குப் பதில் நேராக அவரையே கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து செய்த கலெக்ஷனில் உப்பிய ஸ்லீவ் இருந்தது, பெரிய புள்ளிகள் இருந்தன, இறகு, காளைச் சண்டை ஜாக்கெட், தரையில் புரளும் பாவாடை எல்லாம் இருந்தன. ஆனால் அந்தப் பாவாடைக்கு மேலே கையில்லாத வெள்ளைப் பருத்தி பனியன். பூ நெய்த கோட்டுக்குக் கீழே வெள்ளைப் பேண்ட். பனியனை வைத்துக்கொண்டு பாவாடையை மட்டும் வாங்கலாம், கோட்டை மட்டும் வாங்கி வீட்டில் இருக்கும் ஜீன்ஸோடு போடலாம். 2020-ன் தொடக்கத்தில் அந்த உடைகள் வான் நோட்டனின் கடைகளில், அவருடைய வழக்கமான வாடிக்கையாளர்களுக்கான சைஸ்களில், விற்பனைக்கு வந்தன.